பிஜிக்காரர் கேட்ட மன்னிப்பு

நான் ஒப்புக்கொள்ளாத குற்றம் குறைவு. ஆடு திருடியிருக்கிறேன், செம்பனைக் குலை கடத்தியிருக்கிறேன், லைசென்ஸ் இல்லாமல் லோரி ஓட்டியிருக்கிறேன், மச்சானின் மண்டையை உடைத்திருக்கிறேன். அத்தனையையும் மாஜிஸ்திரேட் முன்னால் நின்று, பாஜு கூரோங் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, கணீரென்று சொல்லியிருக்கிறேன். சாயந்திரம் வீட்டுக்குப் போய் மீன் குழம்பும் வைத்திருக்கிறேன். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் வேலை அப்படிப்பட்டது. குற்றம் செய்தவன் தமிழில் சொல்வதை, அவனே மலாயில் சொல்வது போல 'நான்' போட்டுச் சொல்ல வேண்டும்.

இப்போது ஓய்வில் இருக்கிறேன். போன மாதம் பழைய சகாக்களின் வாட்சப் குழுவில் கவிதா ஒரு செய்தி போட்டாள். நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்காருகிறவள் அவள்தான். கைத்தொலைபேசியிலேயே மொழிபெயர்க்கிற செயலி ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்களாம். "ஒலகத்துல உள்ள எல்லா பாஷையும் இதுல இருக்குலா அக்கா. உங்க காலத்துல தெரியாத பாஷை வந்தா என்னதான் செஞ்சீங்க?" என்று கேட்டிருந்தாள். தெரியாத பாஷை வந்தால் ஒரு கஷ்டமும் இல்லை கண்ணு, தெரியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். பாதி தெரிகிற பாஷை வந்தால்தான் ஆள் கவிழும். அதைக் கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எந்த நீதிமன்றம் என்று கேட்காதீர்கள். கோலசிலாங்கூர் வட்டாரத்தில், வாசலில் நின்றால் ஆற்றுச் சேற்று வாடை அடிக்கிற இடம் என்பது வரை சொல்கிறேன். அங்கே சேரும்போது எனக்குத் தோட்டத்து லயத்து வீடுகளில் பேசிய தமிழ் தெரியும், பள்ளியில் படித்த மலாய் தெரியும், கன்னியாஸ்திரிகள் அடித்துச் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம் தெரியும். பயிற்சிக் காலத்தின் பெரும்பகுதி கோப்பு சுமந்ததில் போயிற்று. மீதியை மாணிக்கம் ஐயா பார்த்துக்கொண்டார்.

மாணிக்கம் ஐயா மூத்த மொழிபெயர்ப்பாளர். மின்சாரம் போய் விசிறி நின்ற நாளிலும் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றாத மனிதர். திட்டவே மாட்டார். நான் சாட்சி சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை அழகுக்காகச் சேர்த்துவிட்டால், வெளியே வந்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஏம்மா ஆக்னஸ், இத அவரு சொன்னாரா, நீ சொன்னியா?" என்பார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

நான் தனியாக எடுத்த முதல் வழக்கு ஆட்டுத் திருட்டு. "அந்த ஆட்டை நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன், புவான், எனக்குப் புத்தி கெட்டுப் போயிருந்தது" என்று மாஜிஸ்திரேட் அம்மாவிடம் மலாயில் உருக்கமாகச் சொல்லிவிட்டுப் பெருமையோடு திரும்பினால், பின்வரிசையில் எங்கள் லயத்துப் பிலோமினா அத்தை. மகனின் மோட்டார் சம்மனுக்காக வந்திருந்தார். நான் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்விட்டது. ஆக்னஸ் கோர்ட்டில் நின்று ஆட்டைத் திருடியதை ஒப்புக்கொண்டாள், மாஜிஸ்திரேட் அம்மா மனமிரங்கி அவளுக்கு அங்கேயே வேலையும் போட்டுக் கொடுத்துவிட்டார் என்பது அத்தையின் அறிக்கை. என் அம்மா சோறு போடாமல் வாசலில் நின்று கேட்ட ஒரே கேள்வி, "யாரு வூட்டு ஆடுடி?" ஞாயிறு பூசை முடிந்து பங்குச் சாமியார்கூட என்னைத் தனியே கூப்பிட்டு, பாவசங்கீர்த்தனம் செய்ய விருப்பமா என்று கேட்டார்.

சரி, வழக்குக்கு வருகிறேன். அதற்கு முன் முறையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏன் அப்படி அடம்பிடித்தேன் என்று புரியாது. ஒருவரைக் கூண்டில் ஏற்றியதும் குற்றச்சாட்டை அவருக்குப் புரிகிற மொழியில் வாசிக்க வேண்டும். வாசித்தால் போதாது, விளக்க வேண்டும். பிறகு, புரிந்ததா என்று கேட்க வேண்டும். புரிந்தது என்றால், ஒப்புக்கொள்கிறாரா, வழக்கை நடத்தச் சொல்கிறாரா என்று கேட்க வேண்டும். ஒப்புக்கொண்டால், அப்படி ஒப்புக்கொள்வதால் என்ன நடக்கும் என்பது தெரியுமா என்று இன்னொரு முறை கேட்க வேண்டும். ஒவ்வொரு பதிலும் மொழிபெயர்ப்பாளர் வாய் வழியாகத்தான் மாஜிஸ்திரேட்டுக்குப் போகும். நான் தப்பாகச் சொன்னால் தப்பாகவே எழுதப்படும், ஆனால் உள்ளே போவது நானல்ல, கூண்டில் நிற்பவர்.

என் கடைசி ஆண்டுகளில் எங்களுக்கு வாய்த்த மாஜிஸ்திரேட், என் மகள் வயதுப் பெண். குரலை உயர்த்தவே மாட்டார். பேனா திறந்திருந்தால் எல்லாம் நலம். மூடியை எடுத்து நிதானமாகப் பொருத்தி ஓர் அழுத்து அழுத்தினால், அந்த 'டக்' சத்தத்துக்கு வக்கீல்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒலிப்பதிவுக் கருவி இருந்தும் எல்லாவற்றையும் கையால் எழுதுவார். கருவிக்குக் காது உண்டு, சந்தேகம் கிடையாது என்பார். புவான், புவான் என்று சொல்லிச் சொல்லி அவருடைய பெயரே எங்களுக்கு மறந்துவிட்டது.

ஒரு நாள் காலை கோப்பரல் வாகிமான் பல்லெல்லாம் தெரிய என்னிடம் வந்தார். நீதிமன்றக் காவலுக்கு இருந்தவர், தஞ்சோங் காராங் பக்கத்து ஜாவாக்காரர். என் ஆள் ஒருவர் வந்திருக்கிறார் என்றார். என் ஆளா என்றேன். ஆமாம், பிஜிக்காரர், பிஜி என்றால் கரும்புத் தோட்டத்துக்குப் போன இந்தியர்கள்தானே, தமிழிலேயே படித்துவிடுங்கள் காக் ஆக்னஸ், அதாவது ஆக்னஸ் அக்கா, என்றார். பாவம், சரித்திரம் தெரிந்த மனிதர். நம் ஆட்கள் இங்கே ரப்பருக்கு வந்தது போலவே அங்கே கரும்புக்குப் போனது உண்மைதான். நானும் நம்பி, லாக்கப் கம்பியருகே போய், "வணக்கங்க" என்று நிமிர்ந்தேன். என் வணக்கம் அவர் வயிற்றளவில் போய் நின்றது. நிலைப்படிக்குக் குனிய வேண்டிய உயரம், சுருள் சுருளாக அடர்ந்த முடி, வத்தல் மூட்டையைத் தூக்கி எறிகிற கை. கையை மார்பில் வைத்து, அவர் ஊர் வணக்கமாக, "பூலா" என்றார். கரும்புக்குப் போனவர் இல்லை, கரும்பு வருவதற்கு முன்னாலிருந்தே அந்தத் தீவில் இருப்பவர். பெயர் ஜோசெஃபா. எங்கள் கோயில் கணக்கில் சூசை.

கப்பல் மாலுமி. துறைமுகத்தில் கப்பல் பழுது பார்க்க நின்றிருந்தபோது, மாலுமிகள் சிலர் மின்மினி பார்க்க கம்போங் குவாந்தான் வந்திருக்கிறார்கள். மறுநாள் அந்த ஊர்ப் பெரியவர் பாக் சிக் லெமானின் சம்பானை, அவருடைய சின்னப் படகை, காணோம். தேடினால் ஆற்றின் கீழ்ப்பக்கம் கரையோரப் பெரெம்பாங் மரங்களுக்குள் சிக்கிக் கிடந்தது, துடுப்பு இல்லை. அதற்கு மறுநாள் ஜோசெஃபா தனியாக பாக் சிக் வீட்டுக்கு வந்தார். துணியில் கட்டிய வேர்க்கட்டு ஒன்றை முன்னால் வைத்து, தரையில் உட்கார்ந்து, தலை குனிந்து, தன் பாஷையில் நீளமாகப் பேசி, கைதட்டிவிட்டுப் போனார். பாக் சிக்கின் அண்ணன் மகன் விவரமானவன். திருடனே வீடு தேடி வந்து ஒப்புக்கொண்டிருக்கிறான், போலீசுக்குப் போகாமல் என்ன செய்கிறீர்கள் என்று தள்ளிவிட்டான். சம்பான் திருட்டு என்று வழக்கு பதிவாயிற்று.

ஜோசெஃபாவுக்கு ஆங்கிலம் கப்பல்தளத்து அளவுக்குத் தெரியும். கயிறு, நங்கூரம், இழு, விடு, அப்புறம் எதற்கும் "யெஸ் சார்". வழக்கு அழைக்கும்வரை கோப்பரல் அவருக்கு நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தார். அவர் நெத்திலியைத் தூக்கிக் காட்டி, "ஈக்கா" என்றார். கோப்பரல் வாயில் போட்ட சோற்றை மறந்தார். மலாயில் மீன் ஈக்கான். ஜோசெஃபா காதைத் தொட்டுக் காட்டினார், தலிங்கா என்றார். நம் மலாயில் தெலிங்கா. கண்ணைக் காட்டினார், மாத்தா. மலாயிலும் அதே மாத்தா. கோப்பரல் ஐந்து விரலை விரித்தார், இருவரும் ஒரே குரலில் லீமா என்றார்கள். அதோடு விட்டாரா? ஏழும் எட்டும் என்ன என்று கேட்டார். வீத்து, வாலு என்று பதில் வந்தது. மலாயில் அப்படி இல்லை, ஆனால் கோப்பரல் வீட்டில் ஜாவா மொழியில் எண்ணுவது பீத்து, வோலு. மனிதர் எழுந்து நின்றுவிட்டார்.

தேநீர் ஆறுவதற்குள் தாழ்வாரம் முழுக்கப் பள்ளிக்கூடமாகிவிட்டது. கேண்டீன் காக் ரோஸ் வள்ளிக்கிழங்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். இங்கே ஊபி, அவருக்கு உவி. கல் இங்கே பத்து, அங்கே வத்து. நிலா பூலான், வூலா. பாதை ஜாலான், சாலா. ஜீவனாம்ச வழக்குக்கு வந்த கணவனும் மனைவியும் சண்டையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பிறகு ஓய்வில்தான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். தைவான் பக்கமிருந்து ஆதிகாலத்தில் படகேறியவர்கள் இந்தப் பக்கம் மடகாஸ்கர் வரைக்கும் அந்தப் பக்கம் ஹவாய் வரைக்கும் பரவினார்களாம். மலாய், ஜாவா, பிஜி எல்லாம் அந்த ஒரு வீட்டுப் பிள்ளைகள். கிழங்கையும் கோழியையும் ஏற்றிக்கொண்டு போனவர்கள் வார்த்தைகளையும் ஏற்றிப் போயிருக்கிறார்கள். அத்தனை கடல் தாண்டியும் ஓர் எழுத்துக்கூட மாறாத வார்த்தைகளில் தலைப்பேனும் ஒன்று. அங்கேயும் குத்து, இங்கேயும் குத்து.

நானும் சிரித்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அப்பா ஞாபகம் வந்தது. எங்கள் தோட்டத்துக் கணக்கர், கிராணி, மலையாளி. அவர் பேசினால் அப்பாவுக்குப் பாதி புரியும். புரிந்த பாதிக்கு அப்பா சந்தோஷமாகத் தலையாட்டுவார். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வருவதாக ஒப்புக்கொண்டது சனிக்கிழமை வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து சொல்லும்போதுதான் தெரியும்.

வழக்கு அழைக்கப்பட்டது. அரசுத் தரப்பு இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். எழுந்து, குற்றம் சாட்டப்பட்டவர் பேசுவதும் ஒருவகை மலாய்தான், கட்டடமே கேட்டது, மலாயிலேயே படித்துவிடலாம் என்றார். ஒப்புக்கொண்டால் சின்ன அபராதத்தோடு முடியும், கப்பலும் கிளம்பப்போகிறது என்றார். எல்லாரும் புன்னகையோடு என்னைப் பார்த்தார்கள். பின்வரிசையில் கப்பல் முகவரும் அவர் பக்கத்தில் இரண்டு இளம் பிஜி மாலுமிகளும் இருந்தார்கள். அந்த இருவர் மட்டும் தலையே நிமிரவில்லை. காலையிலேயே முகவர் என்னிடம் சொல்லியிருந்தார், திருட்டுக் குற்றம் பதிவான மாலுமியை இனி எந்தக் கப்பலும் ஏற்றாது, இவர் பிழைப்பு அதோடு சரி என்று.

புவான் என்னிடம் கேட்டார். முடியாது என்றேன்.

"புவான், எனக்கு இவரோட காது தெரியும், மீன் தெரியும், தலைப்பேன்கூடத் தெரியும். 'நேர்மையற்ற எண்ணத்துடன்' அப்படீங்கிறத இவரு பாஷையில எப்படிச் சொல்றதுன்னு தெரியாது. தெரியாம படிச்சா, தலையாட்டுவாரு. அந்தத் தலையாட்டல நீங்க எழுதிக்குவீங்க."

அப்படியானால் ஆங்கிலத்தில் கேட்போம் என்றார் இன்ஸ்பெக்டர். புவானே கேட்டார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா? "யெஸ் சார்." இன்ஸ்பெக்டர் உட்காரப் போனார். புவான் நிறுத்தாமல் அடுத்ததைக் கேட்டார். நீங்கள் குற்றமற்றவரா? "யெஸ் சார்." இந்தக் கட்டடத்தை நீங்கள்தான் கட்டினீர்களா? "யெஸ் சார்." பேனா மூடி 'டக்' என்று விழுந்தது. பிஜி மொழி தெரிந்தவர் கிடைக்கும்வரை வழக்கு ஒத்திவைப்பு, ஆள் காவலில்.

அதன்பிறகு என்னை ஒருவரும் மதிக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மனிதர் மத்தியானமே வெளியே போயிருப்பார் என்று கோப்பரல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். காக் ரோஸ் எனக்கு மட்டும் கறிபாப் முடிந்துவிட்டது என்றார், கண்ணாடிப் பெட்டிக்குள் அது எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆள் கிடைப்பதற்குள் கப்பல் போய்விட்டால்? நான் பிடித்த பிடிவாதத்துக்கு அந்த மனிதர் அல்லவா கம்பிக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

ஆள் கிடைத்தது புஞ்சாக் ஆலாமில். அங்கே பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் என் தங்கை மகள், பக்கத்து வீட்டு விரிவுரையாளரின் மனைவி பிஜியில் பிறந்தவர் என்றாள். பெயர் சரோஜ். தொலைபேசியில் கூப்பிட்டு ஆசையாகத் தமிழில் ஆரம்பித்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஆங்கிலத்தில் பேசினார். கொள்ளுத் தாத்தா தமிழர்தானாம். வீட்டில் மிச்சமிருக்கிற தமிழ், சாமிக்கும் ரசத்துக்கும் மட்டும்தானாம். ஆனால் பிஜிப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படித்ததால் அந்த மொழி தண்ணீர் பட்ட பாடு. கோப்பரலிடம் சொன்னேன். பிஜி என்றால் இந்தியர்தான் என்று நான் அன்றைக்கே சொல்லவில்லையா என்று மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

அடுத்த விசாரணை வந்தபோது கப்பல் இன்னும் போகவில்லை. சரோஜ் சத்தியப்பிரமாணம் எடுத்துக்கொண்டார். நான் குற்றச்சாட்டை மலாயிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவேன், அவர் அதைப் பிஜி மொழிக்குக் கொண்டுபோவார், பதில் அதே வழியில் திரும்பும். ஒவ்வொரு துண்டாகப் போனோம். எந்த நாள், எந்த ஆற்றுக்கரை, யாருடைய சம்பான், என்ன எண்ணத்தோடு. சரோஜ் வாயிலிருந்து முதல் வாக்கியம் வந்தபோதே ஜோசெஃபாவின் முகத்திலிருந்து அந்த 'யெஸ் சார்' கழன்று விழுந்துவிட்டது. கடைசிவரை கவனமாகக் கேட்டார். பிறகு மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். அதை நான் புவானிடம் சொன்னேன்.

"படகை நான் எடுக்கல. என் ஆளுங்க எடுத்தாங்க. அவங்களுக்கு நான் மூத்தவன், அதனால மன்னிப்பு கேக்க வேண்டியவன் நான்தான். கேட்டேன். அவரு வேரைக் கையால வாங்கிக்கிட்டாரு. வாங்கிட்டா அந்த விஷயத்தைப் பொதைச்சாச்சு. பொதைச்சத எதுக்குத் தோண்டுறீங்க?"

புவான் பேனாவை நிறுத்தினார். அது என்ன வேர் என்று கேட்டார். யங்கோனா என்றார் ஜோசெஃபா, இடித்துப் பச்சைத் தண்ணீரில் கலந்து குடிப்பது. தவறு செய்தவன் போய் நிற்பது எங்கள் ஊர் மரியாதை இல்லை, அவனுக்குப் பெரியவர் யாரோ அவர்தான் வேரைக் கொண்டுபோய்த் தரையில் உட்கார வேண்டும் என்றார். எதிராளிக்கு மனம் ஆறவில்லை என்றால் அதைத் தொடாமல் விடலாம். தொட்டுவிட்டால் முடிந்தது, பிறகு அதைப் பற்றி விளையாட்டுக்குக்கூடப் பேசக்கூடாது. அந்த ஆளுங்கள் யார் என்று இன்ஸ்பெக்டர் குறுக்கே கேட்டார். ஜோசெஃபா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சரோஜ் காத்திருந்தார், நானும் காத்திருந்தேன், மொழிபெயர்க்க ஒன்றும் வரவில்லை.

வேர் எங்கே என்றார் புவான். சாட்சிப் பொருளாக இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் உற்சாகமாக ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினார். உள்ளே சுண்டுவிரல் அளவுக்கு ஒரு துண்டு. போலீஸ் அறிக்கையில் 'கையளவு கட்டு' என்று இருந்தது. மீதி எங்கே என்று புவான் கேட்க, இன்ஸ்பெக்டர் காகிதங்களைப் புரட்ட, சாட்சிகள் பெஞ்சிலிருந்து பாக் சிக் லெமான் சொங்கோக் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

முழங்கால் வலிக்கு மருந்து கொண்டுவந்து கொடுக்கிறார் என்று நினைத்துவிட்டாராம். இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொல்லி, மனைவியிடம் கொடுத்துக் கொதிக்க வைத்துக் குடித்திருக்கிறார். நாக்கு மரத்துப் போயிற்றாம். அப்புறம் வந்ததைப் போன்ற தூக்கம், கல்யாணமான புதிதில் தூங்கியதுதான், அதற்குப் பிறகு இல்லையாம். மனைவிக்கும் அப்படியே. போலீஸ் வந்து கேட்டபோது பானைக்கு வெளியே இருந்தது அந்தத் துண்டுதான். இதை நான் சரோஜிடம் சொல்ல, சரோஜ் ஜோசெஃபாவிடம் சொன்னார். கைதானதற்குக்கூட அவர் அவ்வளவு பதறவில்லை. "கொதிக்க வச்சாரா?" என்று கேட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நீதிமன்றம் குலுங்கியது. புவான் மட்டும் சிரிக்கவில்லை, தண்ணீர் குடித்தார், கொஞ்ச நேரம் குடித்துக்கொண்டே இருந்தார்.

பிறகு பாக் சிக்கிடம், கையால் வாங்கினீர்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். வாங்கினேன், புவான், எனக்கு அது மன்னிப்பு என்று தெரியாது என்றார் அவர். தெரிந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டீர்களா என்றார் புவான். பாக் சிக் ஜோசெஃபாவைப் பார்த்தார். சம்பானுக்கு ஒரு கீறலும் இல்லை, இவர் புதுத் துடுப்பும் செதுக்கி வீட்டு வாசலில் சாத்திவிட்டுப் போயிருந்தார், பழையதைவிட நல்ல துடுப்பு என்றார். "தெரிஞ்சிருந்தாலும் வாங்கியிருப்பேன். எனக்கு வழக்கு வேணாம்."

இன்ஸ்பெக்டர் வெளியே போய் மேலிடத்துக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு வந்து, குற்றச்சாட்டை மீட்டுக்கொள்வதாகச் சொன்னார். ஜோசெஃபா குற்றமற்றவர், விடுதலை என்று புவான் அறிவித்தார். அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது, பணியில் இருந்த அத்தனை ஆண்டும் காட்டாத அழுகையை அன்று காட்டிவிட்டேன், வெட்கமில்லை. சரோஜ் சொல்லி முடித்ததும் ஜோசெஃபா அந்தப் பெரிய கைகள் இரண்டாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் பின்வரிசையில் பெஞ்சு கிறீச்சிட்டது. அந்த இரண்டு இளம் மாலுமிகளும் எழுந்து நின்றார்கள். ஒருவன் கன்னமெல்லாம் ஈரம். மற்றவன் புவானைப் பார்த்து, "சார்" என்று வாயைத் திறந்தான். ஜோசெஃபா முகத்திலிருந்து கையை எடுத்தார். அவர்களைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார், சத்தமாகக்கூட இல்லை. இருவரும் பொத்தென்று உட்கார்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பி அவர்களைப் பார்த்தார்.

என்ன சொன்னார் என்று புவான் கேட்டார். சரோஜ் என்னிடம் சொன்னார், நான் புவானிடம் சொன்னேன்.

"'உக்காரு'ன்னு சொன்னாரு, புவான்."

புவான் அந்த இருவரையும் பார்த்தார். பாக் சிக்கைப் பார்த்தார், அவர் மேலே சுற்றுகிற விசிறியை அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தார். கடைசியாக, இன்னும் நின்றுகொண்டிருந்த இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"நல்ல யோசனை" என்றார். "நீங்களும் உக்காருங்க, இன்ஸ்பெக்டர். அடுத்த வழக்கு."